ஆளு மட்டும் வரல்ல

ஷிஜின் செத்துப்போன செய்தி அவன் அம்மை செல்லபாய்க்குக் கடைசியாகத்தான் தெரிந்தது. அந்த நேரம் அவன் அடுக்களைத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, அவித்த மரச்சீனிக்கிழங்கைச் சாளைக் கறியில் புரட்டி வாய் நிறையத் தின்றுகொண்டிருந்தான். வியாழக்கிழமை காலை. வெளியே ஆனி மாதத்துச் சாரல். முற்றத்தில் நாலைந்து பெண்கள் குடையைத் தூர எறிந்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு வந்து விழுந்தார்கள். முன்னால் வந்தவள் அடுத்த விளை ஞானம்.

"எனக்க செல்லபாயே! ஒத்த ஆம்பிளப் பிள்ளையையும் தூக்கிக் குடுத்துட்டியேட்டி!"

செல்லபாய் பாதி துருவிய தேங்காய் மூடியோடு வெளியே வந்தாள். "ஆருக்கு என்னட்டி? ஆரு செத்தா?"

"ஒண்ணும் தெரியாம நிக்காளே, ஆண்டவரே! இவகிட்ட ஆரும் சொல்லல்லியா?"

ஞானம் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறிய அலறலில், கறி ஒழுகும் கையோடு ஷிஜினே எழுந்து வந்துவிட்டான்.

"என்ன மாமி பெகளம்? ஆரு போய்ச் சேந்தா?"

ஞானத்தின் ஒப்பாரி பாதியில் நின்றது. பின்னால் நின்ற ஒருத்தி, "ஏசுவே!" என்று கத்திக்கொண்டு கேட்டுக்கு வெளியே ஓடினாள். மற்றவர்கள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். ஷிஜினுக்கு விஷயம் புரிந்தது. புரிந்ததும் சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. சும்மா நின்றிருந்தால்கூட ஊர் மன்னித்திருக்கும்.

தேங்காய்ப்பட்டணம் போகிற சாலையில் இருக்கிறது பொற்றைவிளை ஜங்ஷன். அங்கே ஒரு ஃப்ளெக்ஸ் கடை. அதன் முதலாளி வினோஜ். ஷிஜினுக்கு அங்கேதான் வேலை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக்காரன் பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் போர்டு அடிப்பார்கள் என்றாலும், கடைக்குச் சோறு போடுவது சாவுதான். நம்மூரில் ஆள் செத்தால் பாதிரியாருக்கு முன்பே ஃப்ளெக்ஸ் கடைக்குத்தான் போன் போகும். உயிர் போன வீட்டில் வாய்க்கட்டு கட்டுவதற்குள் ஜங்ஷனில் கண்ணீர் அஞ்சலி எழுந்து நிற்க வேண்டும். ஆதார் அட்டையில் இருக்கும் மூஞ்சியை வெட்டியெடுத்து, கன்னத்து ஒட்டை நிரப்பி, இரண்டு சாயம் வெளுப்பாக்கி, ஆயுள் முழுக்கத் துவர்த்தைத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தவருக்குக் கோட்டும் டையும் மாட்டிவிடுவான் ஷிஜின். ஒரு பக்கம் மெழுகுவர்த்தி, ஒரு பக்கம் புறா. பிறகு அச்சடித்து, ரிங் குத்தி, மரச் சட்டத்தில் இழுத்து அடிக்க வேண்டியதுதான்.

அச்சு மெஷின் ஓடாத நேரத்தில் கடையின் பின்னறை அவனுக்கு ஸ்டுடியோ. சுவரெல்லாம் பழைய கயிற்று மெத்தை. முதலில் மூன்று பேராகச் சேர்ந்து 'மும்முனை' என்று பெயர் வைத்து ராப் பாடினார்கள். கோயில் இளைஞர் விழாவில் ஒரு தடவை மைக்கைப் பிடுங்கும் அளவுக்குப் பேர் வாங்கியிருந்தார்கள். பிறகு ஒருவன் கத்தாருக்குப் போனான், இன்னொருவன் ஜெபக்கூட்டத்துக்குப் போனான். மிஞ்சிய ஷிஜின் தனியாக ஏழு பாட்டு எழுதி, மெட்டமைத்து, மழைச் சத்தம் ஓய்கிற இடைவெளிகளில் பாடிப் பதிந்து ஓர் ஆல்பம் செய்தான். பெயர் 'தனியாள்'. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இணையத்தில் வெளியீடு.

அதற்கு விளம்பரம் வேண்டுமே. புதன்கிழமை சாயங்காலம் ஜங்ஷனில் ஒரு கண்ணீர் அஞ்சலி எழுந்தது. மேலே 'மும்முனை ஷிஜின்' என்று பெயர். கறுப்புக் கோட்டில் அவன் படம், மெழுகுவர்த்தி, புறா. கீழே மட்டும் வேறு எழுத்து: 'வெள்ளிக்கிழமை மறுபடியும் பிறக்கிறான். முதல் தனி ஆல்பம்.' புத்திசாலித்தனம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் போர்டுக்கு முன்னால் பழக்கடைக்காரர் தினமும் மட்டிப்பழக் குலைகளைத் தொங்கவிடுவார் என்பது அந்தப் புத்திசாலிக்குத் தோன்றவில்லை. பழக்குலைக்குப் பின்னால் அவனுடைய மறுபிறவி மறைந்துபோனது. செத்தது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

பெண்கள் திட்டிக்கொண்டே கலைந்த பிறகு செல்லபாய் ஆரம்பித்தாள்.

"உனக்கு வெக்கமில்லியாலே? பெத்த தள்ள உயிரோட இருக்கும்ப, சொந்தச் சாவுக்கு நீயே போர்டு வைப்பியா?"

"அம்மா, அது பப்ளிசிட்டி. இப்ப பாரு, ஊரே எனக்க பேரத்தான் பறையுது."

"செத்த நாயயும்தான் ஊரு ரெண்டு நாளு பறையும். நாறும்லா."

"உனக்கு என்ன தெரியும்? ஏழு பாட்டு. இந்த ஜில்லாவில ஒருத்தனும் தனியா இப்பிடிச் செய்யல்ல."

"செய்யமாட்டான். அவனவனுக்கு சோலி உண்டும்." தேங்காய்த் துருவலை அம்மியில் தட்டினாள். "அப்பா உனக்கு விசாவுக்குச் சொல்லி வச்சது எத்தன மட்டம்? போனியா? செத்தவனுக்குக் கோட்டு மாட்டிட்டு இருக்கேன்னு சொன்ன. இப்ப உனக்கே மாட்டியாச்சு."

"அப்பா அப்பான்னு ஒரு போட்டோவக் காட்டிச் சொல்லிட்டு இரி. அவரு வந்து எத்தன வருசம் ஆச்சு?"

"அவியள இதுல இழுக்காத. அவியளுக்க சோலிக்கு ஒரு கேடு வந்துதுன்னா, அந்தப் போர்ட நெசமாக்கிப் போடுவேன். ஓர்மையிருக்கட்டும்."

அவள் வாழ்க்கையில் வேண்டிக்கொண்டது அது ஒன்றைத்தான். புருஷன் செல்வதாஸின் சோலிக்குக் கேடு வரக்கூடாது. அவர் சவூதியில், தம்மாமில் ஒரு கம்பெனியில் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற கார்பெண்டர். அவர் அங்கே பலகை அடிக்க, இவள் இங்கே அண்டியாபீசில் முந்திரிக்கொட்டை உடைக்க, இப்படியே வருஷங்கள் போயின. கொட்டை எண்ணெய் பட்டு அவள் விரல் நுனிகள் கறுத்து ரேகை அழிந்து கிடக்கும். ரேஷன் கடை மெஷின் அவள் விரலை ஒருநாளும் ஒரே தடவையில் ஏற்றுக்கொண்டதில்லை.

அன்று பகல் முழுக்க அவள் தம்மாமுக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பெரிய ஆலைக்குள் வேலை நடக்கும்போது போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், ஷிஃப்ட் முடிந்தால் கூப்பிடுவார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். சாயங்காலம் ஞானம் மறுபடி ஓடி வந்தாள். இந்த முறை அழவில்லை. கையில் போனை நீட்டிப் பிடித்திருந்தாள். அவள் புருஷனும் செல்வதாஸும் ஒரே கேம்பில் ஒரே அறை.

"செல்லபாய், எங்க வீட்டாளு லைன்ல இருக்காரு. நீயே கேளு."

செல்லபாய் வாங்கினாள். ஸ்பீக்கரில் ஒரு தாழ்ந்த குரல், சாவு வீட்டுக்குப் பேசுகிற குரல்.

"மயினி, ஆண்டவரு உங்களத் தேத்துவாரு. அண்ணன ஏத்தி விட்டாச்சு. அடக்கம் எப்ப வச்சிருக்கிய?"

"அட பாவி! எனக்க பிள்ள இஞ்ச மலை போல நிக்கான்! ஆரு அவியள ஏத்தச் சொன்னா?"

 பிறகு வந்தது முழுக்கதையும். புதன்கிழமை ராத்திரியே அந்தப் போர்டின் போட்டோ தம்மாமுக்குப் போய்விட்டது. வளைகுடாவில் நம்மாட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் சாவு என்றால் அந்த ஆளிடம் சொல்லமாட்டார்கள். முதலில் அவன் போனைப் பிடுங்கி அணைத்து வைப்பார்கள். பையனுக்குச் சுகமில்லை, ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று மட்டும் சொல்வார்கள். கூட இருப்பவர்கள் கைக்காசைப் போட்டு டிக்கெட் எடுத்து, விமானத்தில் ஏற்றிவிட்டுத்தான் மூச்சு விடுவார்கள். சாவு வீட்டுக்குப் போன் போட்டு, சாவு உண்மைதானா என்று யார் கேட்பார்கள்? அது மரியாதையா? அன்பால் செய்த காரியம்தான். அன்பால் செய்கிற காரியத்தை நிறுத்துவதற்கு ஒரு வழியும் இல்லை.

"அவருக்க போனு எனக்க கையிலதான் இருக்கு மயினி," என்றது குரல். "இன்னொண்ணு. பிளாண்டு ஷட்டவுன் நேரம், ஆலைய நிறுத்திப் போட்டு ராப்பகலா சோலி நடக்கு. போர்மேன் லீவு குடுக்கல்ல. போறதுன்னா எக்சிட்டு அடிச்சுத்தான் போணும்ன்னுட்டான். அண்ணன் ஒரு வாக்கு பேசல்ல, ஒப்புப் போட்டுக் குடுத்துட்டாரு."

செல்லபாய் போனை ஞானத்திடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். எக்சிட் என்றால் திரும்பிப் போக முடியாது, வேலை முடிந்தது என்பது ஷிஜினுக்கும் தெரியும். அவன் வாசலிலேயே நின்றான். அவள் விளக்குமாற்றோடு திரும்பி வந்தாள். வளர்ந்த பிள்ளை என்றெல்லாம் பார்க்கவில்லை. அடியைத் தடுக்க அவன் கையைத் தூக்கவும் இல்லை. ஞானம் பிடித்திழுத்துத்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

"நாளைக்கு அந்தப் பாட்டும் கூத்தும் வெளிய வரப்பிடாது," என்றாள் செல்லபாய், மூச்சு வாங்க.

"அது வரும்."

"அவியளுக்க சோலியத் தின்னுட்டு உனக்குப் பாட்டா?"

"சோலி போனதுக்கு நான் பொறுப்பு. நாளைக்கே விசாவுக்குக் குடு, போறேன். பாட்டு எனக்க பாட்டு. அது வரும்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் வினோஜின் காரில் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போனார்கள். போகாதே, உன்னைப் பார்த்து அந்த மனுஷனுக்கு நெஞ்சு நின்றுவிடும் என்று வினோஜ் வழியெல்லாம் சொன்னான்.

"ஏலே, நீ காருக்குள்ள இரி. நான் போய் பையப் பையச் சொல்லிக் கூட்டிட்டு வாறேன்."

"பையச் சொல்லிச் சொல்லித்தான் இவ்வளவும் வந்துது. நேர நிக்கேன்."

செல்வதாஸ் வெளியே வந்தார். வளைகுடாவிலிருந்து கயிறு கட்டிய பெட்டி இல்லாமல் ஒருவர் இறங்கி வருவதை ஷிஜின் அன்றுதான் பார்த்தான். தோளில் ஒரு சின்னப் பை, காலில் வேலைக்குப் போடுகிற பூட்ஸ், சிமெண்ட் அப்பியது அப்படியே இருந்தது. அவர் கண் கூட்டத்தில் யாரையோ தேடிக்கொண்டு ஷிஜினைத் தாண்டிப் போயிற்று. கறுப்பு உடை போட்ட சொந்தக்காரர் யாரையாவது தேடியிருப்பார்.

"அப்பா."

திரும்பினார். அவனை மேலும் கீழும் பார்த்தார். கையை நீட்டி அவன் தாடையைத் தொட்டார், பலகையின் மட்டம் பார்க்கிற மாதிரி. அப்புறம் அவர் முகம் மாறியது.

"அப்பம் அம்மைக்கா?" என்றார். "எனக்கிட்ட உனக்க பேரச் சொல்லிட்டு... அம்மையா போயிட்டா?"

"ஆருக்கும் ஒண்ணுமில்லப்பா. அம்மை வீட்டுல நிக்கா."

"ஒண்ணுமில்லியா?"

"ஒண்ணுமில்ல."

"பின்ன எதுக்குலே என்னை ஏத்தி விட்டானுவ?"

வினோஜ்தான் சொன்னான். போர்டு, ஆல்பம், பழக்குலை எல்லாவற்றையும் சொல்லி, தன் பங்குக்கு மன்னிப்பும் கேட்டான். செல்வதாஸ் கேட்டுக்கொண்டே காரின் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். பாலராமபுரம் நெருக்கடியில் வண்டி நகராமல் நின்றது. மழை கண்ணாடியில் அடித்தது. அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"விமானத்துல ஒரு பொட்டு வெள்ளம் குடிக்கல்ல. குழிக்குள்ள உனக்கு மண்ணு போடணும்லா, கை வெறைக்காம போடணும்னு நெனச்சிட்டே வந்தேன்." குரலில் கோபம் மட்டும்தான் இருந்தது. "அப்பிடி என்ன பாட்டு? போடு, கேப்போம்."

"மாமா, வீட்டுல போய் ஆறுதலா..." என்றான் வினோஜ்.

"போடுலே. அதுக்காகத்தானே நான் வந்திருக்கேன்."

ஷிஜின் முன்சீட்டில் இருந்தான். எந்தப் பாட்டைப் போடுவது என்று அவனுக்குத் தெரியும். வேறு ஏதாவது போட்டிருக்கலாம். மீன் ஏலத்தைப் பற்றி ஒன்று, சாலைக் குழியைப் பற்றி ஒன்று, சிரிக்க வைக்கிற பாட்டுகள். அவன் அவற்றைப் போடவில்லை. கேக்கட்டும் என்ற வெறி அவனுக்கு. நாலாவது பாட்டைப் போட்டான். செண்டையும் பேஸும் காரை அதிர வைத்தன. நடுவில் அவன் குரல்.

*பெட்டி வந்துது, சோப்பு வந்துது,*
*செண்டு வந்துது, கம்பிளி வந்துது,*
*ஆளுக்க சத்தம் செவியில வந்துது,*
*ஆளு மட்டும் வரல்ல மக்கா, ஆளு மட்டும் வரல்ல.*

*அம்மைக்க வயித்தக் கீறின அண்ணைக்கு*
*ஆசுபத்திரியில ஒப்புப் போட ஆளில்ல,*
*அடுத்த விளை ஞானம் மாமி ஒப்புப் போட்டா,*
*அப்பனுக்கு லீவு கெடைக்கல்ல மக்கா,*
*ஆளு மட்டும் வரல்ல.*

வினோஜ் கைநீட்டிச் சத்தத்தைக் குறைத்தான். செல்வதாஸ் முன்னால் குனிந்தார்.

"ஆருக்க வயித்தக் கீறினாவ?"

"அம்மைக்கு. கர்ப்பப்பை எடுத்தாவல்லா. நான் பாலிடெக்னிக் சேந்த வருசம்."

"எனக்குத் தெரியாது."

ஷிஜின் சட்டென்று திரும்பினான். "நடிக்காதிய அப்பா. வினோஜுக்கு முன்னால வெச்சு எனக்க வாயக் கிளறாதிய. அம்மை உங்களுக்குப் போன் போட்டா. லீவு தரமாட்டேங்கான்னு நீங்கதான் சொன்னிய."

"நான் சொன்னத நீ கேட்டியா?"

"அம்மை சொன்னா."

செல்வதாஸ் சீட்டில் சாய்ந்தார்.  "அந்த எடத்த மறுக்கப் போடு," என்றார். ஷிஜின் போட்டான். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார். களியக்காவிளை தாண்டும் வரைக்கும் அதுவேதான் ஓடிற்று. ஷிஜினுக்குத் தன் குரலே எரிச்சலாக இருந்தது. 

வீட்டு முற்றத்தில் கார் நிற்கும்போது ஆல்பம் வெளியாகிவிட்டது. ஷிஜினின் போன் சட்டைப் பைக்குள் துள்ளத் தொடங்கியது. செல்லபாய் அண்டியாபீஸ் சேலையை மாற்றாமலே வாசலில் நின்றாள். முந்தின நாள் கூலி போனது போதும் என்று அன்றைக்கு வேலைக்குப் போய் வந்திருந்தாள். நாலு வருஷத்துக்குப் பிறகு பார்க்கிற புருஷனிடம் அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"நெசமா எக்சிட்டு அடிச்சாச்சா?"

"அடிச்சாச்சு."

"பேசிப் பாத்தா மாத்துவானா?"

"மாத்தமாட்டான்." செல்வதாஸ் பையைத் தரையில் வைத்தார். "உனக்கு வயித்தக் கீறினது எப்ப?"

செல்லபாய் மகனைப் பார்த்தாள். "பாட்டுல வச்சிட்டியாலே?"

"அவனப் பாக்காத. எனக்கிட்ட பேசு. சாவக் கெடந்திருக்க. எனக்கு ஒரு வாக்கு சொல்லணும்னு தோணல்லியா? நான் ஆருட்டி இந்த வீட்டுல?"

"சொல்லியிருந்தா என்ன செய்திருப்பிய?"

"வந்திருப்பேன்."

"வந்திருப்பிய. எனக்குத் தெரியும். அதுனாலதான் சொல்லல்ல." அவள் குரல் ஏறியது. "இவனுக்கு மூணு வயசுல மஞ்சக்காமாலை வந்துது. தெரியாத்தனமா உங்களுக்குச் சொன்னேன். ஆரு வரச் சொன்னா? சோலிய விட்டுட்டு ஓடி வந்திய. இவனுக்கு தலைமாட்டுல இருந்து அழுதிய. காமாலை அதுபாட்டுக்கு மாறிச்சு. சோலி திரும்ப வந்துதா? ரெண்டு மழைக்காலம் இஞ்ச குத்தியிருந்திய. நான் கொட்ட ஒடச்சுப் பொள்ளின கையோட வந்து மூணு பேருக்கும் பொங்கினேன். அண்ணைக்குத் தீர்மானிச்சேன், இனி இந்த மனுசனுக்க செவியில ஒண்ணும் போடப்பிடாதுன்னு."

ஷிஜின் படியில் நின்றான். "அப்பா வந்தாவளா? எனக்கு ஓர்மையே இல்ல."

"உனக்கு எங்ஙன இருக்கும்?"

"எனக்கிட்டயாவது நெசத்தச் சொல்லியிருக்கலாம்லா அம்மா. லீவு கெடைக்கல்லன்னு எதுக்கு இல்லாதது சொன்ன?"

"நெசத்தச் சொன்னா நீ போன் போட்டு அவியளக் கூப்பிட்டிருப்ப. அண்ணைக்கு ஆசுபத்திரியில, அப்பாக்கு மனசில்லன்னு நீ அழுத. நான் கண்ண மூடிட்டுக் கேட்டுட்டுத்தான் கெடந்தேன். நீ அவியள வெறுத்தா வெறுத்துட்டுப் போ. அவிய அங்க கெடந்தாப் போரும்ன்னு இருந்தேன்."

 செல்வதாஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் தன்னிடம் முகம் கொடுக்காத மகனுக்குக் காரணம் எங்கே இருந்தது என்று இப்போது அவருக்குத் தெரிந்தது. தெரிந்து இனி ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஷிஜின் போனை எடுத்தான். யார் யாரோ வாழ்த்தியிருந்தார்கள். துபாயிலிருந்து ஒருவன், மஸ்கட்டிலிருந்து ஒருவன். எனக்க அப்பனும் இப்பிடித்தான் மக்கா, கலக்கிட்ட என்று அழுது குரல்செய்தி அனுப்பியிருந்தான் ஒருவன். எல்லோருக்கும் அந்த நாலாவது பாட்டுத்தான் பிடித்திருந்தது. அவன் அதை நீக்குகிற இடத்துக்குப் போனான். 

செல்வதாஸ் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி வலித்தது.

"எடுக்காத."

"பொய்யத்தாம்ப்பா பாடியிருக்கேன்."

"என்ன பொய்? நான் வரல்ல. அது நெசந்தானே." கையை உதறி விட்டார். "கெடக்கட்டும். ஊரு கேக்கட்டும். இனி எடுத்து ஆருக்கு என்ன?"

செல்லபாய் அவர் பையைத் தூக்கி உள்ளே எறிந்தாள்.

"இப்ப ஆளு வந்தாச்சுல்லா," என்றாள். "ரெண்டு பேருமா இஞ்ச இருந்து பாடுங்க. விடிஞ்சா கொட்ட ஒடைக்கப் போறது நான்தான்."